மூன்றடிக் கதவு

ஜூன் 9, திங்கள்

இரண்டு வருடம் கழித்து இன்று மறுபடியும் ஆபீசுக்குப் போனேன். சரியாகப் பத்து மணிக்கு உள்ளே நுழைந்தேன். எனக்கு முன்னால் வந்திருந்தவள் பொன்செல்வி ஒருத்திதான். மற்றவர்கள் பத்தே கால், பத்தரை என்று சாவகாசமாக வந்தார்கள். என் கணவர் ஃபெலிக்ஸ் இருந்தவரை கொரேரா அசோசியேட்ஸில் இப்படி நடந்ததில்லை.

என் கொழுந்தன் மகன் லெஸ்லிதான் இப்போது நிறுவனத்தை நடத்துகிறான். நல்ல கட்டடக்கலைஞன். ஒழுங்குதான் போதாது. போன வாரம் வீட்டுக்கு வந்து கெஞ்சினான்.

"பெரியம்மா, லைப்ரரி குப்பையாக் கெடக்கு. உங்களத் தவிர யாராலயும் அத ஒழுங்கு பண்ண முடியாது. ஒரு மாசம் வந்து உக்காருங்க."

லைப்ரரி என்றால் புத்தகங்கள் அல்ல. கம்ப்யூட்டரில் வரைபடம் போடும்போது ஒவ்வொரு கதவையும் புதிதாக வரைவதில்லை. கதவு, ஜன்னல், வாஷ்பேசின், கட்டில், மாடிப்படி எல்லாவற்றையும் வரைந்து ஒரு பொது அலமாரியில் வைத்திருக்கிறோம். வேண்டியவர்கள் எடுத்துத் தங்கள் வரைபடத்தில் வைத்துக்கொள்ளலாம். அலமாரியில் உள்ள கதவை மாற்றினால், அதை எடுத்து வைத்த அத்தனை வரைபடங்களிலும் கதவு மாறிவிடும். அதனால் அங்கே கை வைப்பவருக்குக் கவனம் வேண்டும். நாற்பத்தெட்டு வயதில் இந்த வேலையைக் கற்றுக்கொண்டு இருபத்திரண்டு வருடம் செய்தேன். ஃபெலிக்ஸ் நோயில் விழுந்த பிறகுதான் விட்டேன்.

இன்று திறந்து பார்த்தால், "கதவு புதுசு", "கதவு புதுசு 2", "கதவு இதுதான்", "கதவு சத்தியமா இதுதான்". நான் படித்த கான்வென்டில் எங்கள் மதர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து மேசை இழுப்பறையைத் திறந்து பார்ப்பார். அவர் இதைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தது நல்லது.

லெஸ்லி என் பெயரில் புதிதாக ஒரு கணக்கு தொடங்கிக் கொடுத்தான். மாலையில், "உள்ள போக முடிஞ்சுதா பெரியம்மா?" என்று கேட்டான். முடிந்தது என்றேன். நான் போனது ஃபெலிக்ஸின் கணக்கில். கடவுச்சொல் எங்கள் திருமண நாள். "வணக்கம், ஃபெலிக்ஸ்" என்று திரையில் வருகிறது. இதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஜூன் 11, புதன்

கதவுகள் 64. கழிப்பறைக் கதவு மட்டும் ஒன்பது. தென்னை மரங்கள் பதினேழு! எந்த வீட்டுக்கு எந்தத் தென்னை என்று தேங்காயை எண்ணிப் பார்த்தா தேர்ந்தெடுத்தார்கள்?

மீன்காரி சீலா மீன் என்று சொல்லிப் பாறை மீனைத் தலையில் கட்டப் பார்த்தாள். திருப்பி அனுப்பினேன்.

ஜூன் 12, வியாழன்

பொன்செல்வி என் மேசைக்கு வந்தாள். முப்பத்து நான்கு வயது. பதினோரு வருடமாக இங்கே வேலை செய்கிறாள்.

"மேடம், எதையாவது எடுக்கதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்த கேளுங்க. சில கதவு பாக்க ஒண்ணு போல இருக்கும், ஒண்ணு இல்ல."

"நான் இந்த லைப்ரரியத் தொடங்கும்போது நீ பள்ளிக்கூடம் போயிட்டிருந்திருப்ப."

"ஆமா மேடம். அஞ்சாங்கிளாஸ்" என்று சிரித்துவிட்டுப் போனாள். திமிராகச் சிரித்தாளா, சாதாரணமாகச் சிரித்தாளா என்று தெரியவில்லை.

மத்தியானம் "பொசெ கழிப்பறை" என்று ஒரு கதவு கண்ணில் பட்டது. பொசெ என்றால் பொன்செல்வி. பொது அலமாரியில் யாரும் தன் பெயரை எழுதி வைக்கக்கூடாது என்பது நான் போட்ட முதல் விதி. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு ஜன்னல் கொக்கியில்கூட நான் என் பெயரை எழுதியதில்லை. ஃபெலிக்ஸ் இதை அனுமதித்திருக்கிறார். கடைசி ஒரு வருடம் அவர் கை நடுங்கும். இவள்தான் வீட்டுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்வதை வரைவாள். நான் மருந்தும் கஞ்சியும் எடுத்துப் போகும்போது இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "அங்க வை ஹில்டா" என்பார், திரும்பாமல்.

இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 13, வெள்ளி

தேவையில்லாத 212 பொருள்களை நீக்கிவிட்டேன். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன்.

ஒரு பொருளை எடுத்துவிட்டால், அது இருந்த வரைபடங்களில் எல்லாம் அந்த இடத்தில் கறுப்புப் புள்ளி வரும், பொருளைக் காணவில்லை என்பதற்கு அடையாளமாக. அம்மை போட்ட முகம் மாதிரி. அதைத் தவிர்க்க எனக்கு ஒரு வழி தெரியும். நம் வழக்கமான கதவையே பழைய கதவின் பெயரில் சேமித்துவிட்டால் புள்ளி வராது. வரைபடம் ஏமாந்து அதை ஏற்றுக்கொள்ளும். அப்படியே செய்தேன். "மாற்றத்துக்குக் காரணம்" என்று ஒரு பெட்டி வரும். காலியாக விட்டேன். ஒழுங்குக்குக் காரணம் எதற்கு?

ஒரு புள்ளிகூட இல்லை. லெஸ்லி வந்து பார்த்துவிட்டு, "பெரியம்மான்னா பெரியம்மாதான்" என்றான்.

ஜூன் 20, வெள்ளி

மிக்சி பழுது. கடைக்காரன் மூன்று நாள் என்றான். மூன்று நாள் என்றால் பத்து நாள்.

ஜூலை 8, செவ்வாய்

பாளையங்கோட்டை சாலையில் முதிய கன்னியாஸ்திரீகளுக்கு இல்லம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். ஃபெலிக்ஸ் தொடங்கிய கடைசி வேலை. பதினெட்டு அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கழிப்பறை. அதன் பொறுப்பாளர் சிஸ்டர் அமலோற்பவம் இன்று காலை போன் செய்தார். கதவு நிலையெல்லாம் வைத்துப் பூசி, ஓடு பதித்தாயிற்று. பக்கத்துப் பழைய மடத்திலிருந்து வயதான ஒரு சிஸ்டரைச் சக்கர நாற்காலியில் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார்கள். கழிப்பறைக்குள் நாற்காலி நுழையவில்லை. பதினெட்டிலும் நுழையவில்லை.

லெஸ்லி வரைபடத்தைத் திறந்தான். மூன்றடி என்று இருக்க வேண்டிய கதவுப் பட்டியலில் இரண்டரை அடி என்று இருக்கிறது. ஜூன் 16ஆம் தேதி அச்சிட்டு அனுப்பியது. தச்சர் அதைப் பார்த்துத்தான் நிலை செய்திருக்கிறார்.

ஆசாரிகள் அளவு தெரியாமல் செய்வது புதிதல்ல.

(மேலே உள்ள வரியை அடிக்காமல் விடுகிறேன். கான்வென்டில் எழுதியதை அடிக்கக் கூடாது.)

ஜூலை 9, புதன்

லைப்ரரியில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று ஒரு பதிவு இருக்கும். லெஸ்லி எல்லோரையும் நிற்க வைத்து அந்த ஒரு கதவின் பதிவை மட்டும் திறந்தான்.

பொசெ கழிப்பறை. மாற்றியவர்: ஃபெலிக்ஸ். ஜூன் 13, காலை 11.20. காரணம்: இல்லை.

"காரணம் எழுதியிருந்தா, அடுத்து யாரு உள்ள வந்தாலும் அதுதான் முதல்ல கண்ணுல பட்டிருக்கும்" என்றான் லெஸ்லி. "வேணும்னே காலியா விட்டிருக்கு."

வரைவாளர் ஜெபராஜ், "சார் மேல போயும் லீவு போடல போலிருக்கு" என்றான். யாரோ சிரித்தார்கள். முதலில் சிரித்தது நான்.

ஃபெலிக்ஸின் கடவுச்சொல் தெரிந்தவர்கள் வீட்டில் நான், ஆபீசில் பொன்செல்வி. கை நடுங்கிய காலத்தில் அவள்தான் அவருக்காகத் தட்டுவாள். லெஸ்லி முதலில் என் பக்கம் திரும்பினான். மரியாதைக்காகக் கேட்டான், அவ்வளவுதான்.

"பெரியம்மா, நீங்க இந்தக் கதவத் தொட்டியளா?"

"இல்லை. ஒரே மாதிரிக் கதவுகளை மட்டும்தான் ஒழுங்குபடுத்தினேன்."

பிறகு அவளைக் கேட்டான். அவள் லெஸ்லியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்ததாக எனக்குத் தோன்றியது. நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் இல்ல சார்" என்றாள்.

ஜூலை 10, வியாழன்

சிஸ்டர் அமலோற்பவத்துக்கு மன்னிப்புக் கடிதம் வேண்டும் என்று லெஸ்லி சொன்னான். "உங்க இங்கிலீஷ் மாதிரி யாருக்கு வரும் பெரியம்மா?" இருபது நிமிடத்தில் எழுதிக் கொடுத்தேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு தவறு நேர்ந்தது, பொறுப்பானவர் மீது நடவடிக்கை எடுக்கப்படுகிறது. ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. லெஸ்லி வாய்விட்டுப் படித்துப் பாராட்டினான்.

இரவு சாப்பிடவில்லை. மிக்சி வந்துவிட்டது.

ஜூலை 12, சனி

லெஸ்லி பொன்செல்வியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டான். அவள் தன் அளவுகோலையும் டேப்பையும் டிபன் டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொல்லிவிட்டு என்னிடமும் வந்தாள்.

"வாரேன் மேடம். உடம்பப் பாத்துக்கோங்க."

நான் தலையாட்டினேன். நல்லா இரு என்றாவது சொல்லியிருக்கலாம்.

ஜூலை 25, வெள்ளி

நாளை மாதா கோயில் கொடியேற்றம். வருடா வருடம் அதற்கு முதல் நாள் ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வது என் வழக்கம். புது ஃபாதர், சின்ன வயது.

"ஒரு பொய் சொன்னேன், ஃபாதர்."

"எத்தன தடவ?"

"ஒரு தடவை."

"அதனால யாருக்காவது கெடுதல் வந்துச்சாம்மா?"

பின்னால் வரிசையில் எங்கள் கோயில் பங்கு மக்களில் பாதிப் பேர் நின்றார்கள். "பெரிதாக ஒன்றும் இல்லை" என்றேன்.

மூன்று மங்கள வார்த்தை ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். இப்போது கணக்குப் பார்த்தால் இரண்டு பொய். ஒன்று ஆபீசில், ஒன்று முழங்காலில் நின்று.

ஜூலை 28, திங்கள்

லெஸ்லி கட்டுமான இடத்துக்குக் கூப்பிட்டான். "நீங்க வந்தா சிஸ்டர்மாரு கொஞ்சம் அடங்குவாவ. உங்க கான்வென்ட் ஆளுங்கதான."

சிஸ்டர் அமலோற்பவம் கோபமாகப் பேசவில்லை. அதைவிடக் கஷ்டமான ஒன்றைச் செய்தார். அன்று வந்த அதே சிஸ்டரை மறுபடியும் கூட்டிவந்திருந்தார். சிஸ்டர் ஸ்கொலாஸ்டிகா, எண்பத்தாறு வயது. இரண்டு கால்களும் விளங்காது, வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

"நீங்கதான் கொரேரா சாரு வீட்டம்மாவா? வாங்க, வாங்க. மோட்சத்து வாசல் இடுக்கம்னு தெரியும். கக்கூசு வாசலுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவரே நாற்காலியை உருட்டிக் காட்டினார். நிலையில் இடித்து நின்றது.

"பழைய மடத்துல என்னைய ரெண்டு பொம்பளைய தூக்கிட்டுப் போவாவ. கதவச் சாத்த முடியாது பாத்துக்கோங்க, ஆளு நிக்கணும்லா. ஒம்பது வருசமாக் கதவத் தெறந்து வச்சுத்தான் எல்லாம். புது வீட்டுல தனியாப் போயிக் கதவச் சாத்திக்கிடலாம் சிஸ்டர்னு அந்தப் பிள்ள சொல்லிச்சு."

"எந்தப் பிள்ளை?"

"ஒங்க ஆபீசுப் பிள்ளதான். பொன்செல்வி. நாலு தடவ வந்துச்சு. நாற்காலிய மட்டுமா அளந்துச்சு? சக்கரத்தப் பிடிச்சுக்கிட்டு உருட்டுங்கன்னு சொல்லி, என் கைமுட்டியச் சேத்து அளந்துச்சு. கை உரசக் கூடாதாம். சாருகிட்டச் சொல்லி அந்த அளவ யாரும் மாத்த முடியாதபடி பூட்டி வச்சிருக்கோம்னுச்சு. எங்க அது, வரலியா?"

லெஸ்லி என்னவோ சொல்லிச் சமாளித்தான். நான், "சிஸ்டரைக் கொஞ்சம் தூக்கி உட்காரவையுங்கள், நாற்காலியில் நான் உட்கார்ந்து பார்க்கிறேன்" என்றேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியாது. அவரை அங்கே கிடந்த பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் உருட்டினேன். நான் ஒல்லி, வேகமாகப் போனால் நுழைந்துவிடும் என்று நினைத்திருப்பேன். நிலை மரத்தில் வலது கை உரசித் தோல் போயிற்று. எழுத்து கோணலாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஜூன் 13ஆம் தேதிப் பக்கத்தில், ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன் என்று எழுதியிருக்கிறேன். 211ஐத் திறந்து பார்த்தேன். ஒன்றைத் திறக்கவில்லை. அதன் பெயரைப் பார்த்தேன், அது போதுமாக இருந்தது. பூட்டியிருக்கிறது என்று எச்சரிக்கை வந்தது. ஃபெலிக்ஸின் கணக்கில் இருந்ததால் பூட்டு திறந்துகொண்டது. வழக்கமான இரண்டரை அடிக் கதவை அந்தப் பெயரில் வைத்தேன்.

ஜூலை 29, செவ்வாய்

லெஸ்லியிடம் சொல்லிவிட்டேன். அவன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். வெகுநேரம் பேனாவைத் திறந்து திறந்து மூடினான்.

"சரி பெரியம்மா. எங்கிட்டச் சொல்லிட்டிய, அதோட விட்டிருவோம். வெளிய தெரிஞ்சா பெரியப்பா பேரு கெட்டுப்போகும். அவளுக்கு நானே வேற எடத்துல சொல்லி வேல வாங்கிக் கொடுக்கேன். நல்ல எடமாவே."

ஜூலை 30, புதன்

லெஸ்லி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஜூலை 31, வியாழன்

இல்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

முத்தையாபுரத்தில் பொன்செல்வியின் வீட்டைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தேன். ஒரு டப்பா மக்ரூன் வாங்கிப் போனேன். அவள் அம்மா டீ கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பேருந்தில் நினைத்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை.

"அந்தக் கதவ மாத்துனது நான்தான்."

"தெரியும் மேடம்."

"லெஸ்லி சொன்னானா?"

"சார் ஒண்ணும் சொல்லல. மொத நாள்லயே தெரியும். யாரு உள்ள இருக்காவளோ அவங்க பேரு திரை ஓரத்துல பச்சையா எரியும்லா? நான் ஒருத்திதான் அதக் கவனிப்பேன். காலைல பத்து மணிக்கு ஃபெலிக்ஸ் சார் பேரு எரியும். நீங்க சாப்பிடப் போனா அணையும், வந்தா எரியும். சார் என்னைக்கு மணி பாத்துச் சாப்பிட்டாவ?"

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். "பின்னே ஏன் அன்னைக்கே எல்லார் முன்னாலயும் சொல்லல?"

"நீங்க சொல்லுவியன்னு பாத்துட்டே நின்னேன்." பிறகு, "புருசன் பேர்ல தெனமும் உள்ள வந்து உக்காந்திருக்க ஒருத்தவங்கள நாலு பேரு முன்னால நான் எப்படி மேடம் காட்டிக் கொடுக்க?" என்றாள்.

நான் அவளைக் காட்டிக் கொடுத்தேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் பேசியிருப்பேன்.

திரும்ப வேலைக்கு வா என்று கூப்பிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். வாசல் வரை வந்தவள், "சிஸ்டர் வேலைய முடிக்க வாரேன். ஆனா ரெண்டு காரியம். என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியணும். இனிமே சார் பேர்ல யாரும் உள்ள வரக்கூடாது" என்றாள்.

மக்ரூன் டப்பா பிரிக்காமல் நாற்காலியிலேயே இருந்தது.

ஆகஸ்ட் 4, திங்கள்

பத்து மணிக்கு, திரும்பி வந்த பிறகு முதல்முறையாக, என் பெயரில் உள்ளே போனேன். "வணக்கம், ஹில்டா." பழைய பிரதியிலிருந்து பொன்செல்வியின் கதவை எடுத்து அதே பெயரில் அதே இடத்தில் வைத்தேன். இந்த முறை திறந்து பார்த்தேன். பக்கவாட்டில் அவள் சின்னதாக இரண்டு கைகள் வரைந்திருக்கிறாள், சக்கரத்தைப் பிடித்தபடி. கீழே ஃபெலிக்ஸ் சொல்லி அவள் தட்டியது: "இந்த அளவைக் குறைக்க வேண்டாம்."

காரணப் பெட்டியில் எழுதினேன்:

"ஜூன் 13 அன்று இந்தக் கதவைத் திறந்து பார்க்காமல் மாற்றியவள் ஹில்டா கொரேரா. இறந்த என் கணவரின் கணக்கில் நுழைந்து செய்தேன். கேட்டபோது பொய் சொன்னேன். பொன்செல்விக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை."

தன் உத்தரவு வேண்டாமா என்று கேட்டு லெஸ்லி ஓடிவந்தான். "பெரியம்மா, பெரியப்பா பேரு..."

"பெரியப்பா பேருக்குப் பின்னால ஒளிஞ்சிருந்தது நான்தான், லெஸ்லி. இப்பதான் அவர் பேரு வெளிய வந்திருக்கு."

அதற்குள் நான் எழுதியது ஜெபராஜின் திரையில் அறிவிப்பாக வந்துவிட்டது. அவன் படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். இந்த முறை ஜோக் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

சிஸ்டர் அமலோற்பவத்துக்கு இன்னொரு கடிதம் எழுதினேன், தமிழில். நான்கு முறை கிழித்து எழுத வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாதா திருவிழா. கூட்டம். நான் பின்வரிசையில் இருந்தேன். நற்கருணை அப்பம் வாங்கவில்லை. மறுபடியும் பாவசங்கீர்த்தனம் செய்த பிறகுதான் வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பொன்செல்வி வந்தாள். தன் மேசையில் உட்கார்ந்து உள்ளே நுழைந்தாள், அறிவிப்பைப் படித்தாள். எல்லோரும் வேலை செய்வதுபோல் பாவனை செய்தார்கள். பிறகு என்னிடம் வந்தாள்.

"மேடம், தச்சருக்குப் புதுசாக் கொடுத்த தாள்ல மூணடின்னு மட்டும் போட்டிருக்கு. மூணடி உள் அளவு. நிலையோட சேத்து மூணடி அஞ்சு அங்குலம்னு எழுதணும். இல்லன்னா மறுபடியும் இடிக்கும்."

அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். திருப்பிப் படித்துக் காட்டினேன். "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவுதான் பேசினோம்.

ஃபெலிக்ஸின் கணக்கை மூடிவிட்டேன். நீக்கலாமா என்று இரண்டு முறை கேட்டது. கேட்காமல் இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 27, புதன்

பதினெட்டு நிலைகளையும் பெயர்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான்கு முடிந்தன. இன்று பொன்செல்வியோடு போய்ப் பார்த்தேன். தூசியில் சிஸ்டர் ஸ்கொலாஸ்டிகா குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கிறார். என் கடிதத்தை அவருக்கும் படித்துக் காட்டியிருக்கிறார்கள். என் வலது கையைப் பிடித்து, காய்ந்த வடுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எரிஞ்சுதா?"

"எரிந்தது சிஸ்டர்."

"எரியணும்" என்றார். பிறகு முடிந்த ஓர் அறைக்குத் தானே உருட்டிக்கொண்டு போனார். கழிப்பறைக்குள் நுழைந்தார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. சிஸ்டர் அமலோற்பவம் கூப்பிடப் போனார். பொன்செல்வி வேண்டாம் என்று தலையசைத்தாள்.

செப்டம்பர் 3, புதன்

லெஸ்லி கேட்டான், "அந்த அறிவிப்ப எடுத்திரலாமா பெரியம்மா? ஒரு மாசம் ஆச்சே. வெளியாளுங்க வந்தாலும் பாக்காவ."

இல்லம் முடியும்வரை இருக்கட்டும் என்றேன். பொன்செல்வி கேட்டுக்கொண்டிருந்தாள். இன்றும் பத்து மணிக்கு உள்ளே போனேன். வணக்கம் ஹில்டா என்றது. அடுத்து அந்த அறிவிப்புதான் வந்தது. கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் மூடினேன். ஜன்னல்கள் 41. இன்று ஒன்பதைத் திறந்து பார்த்தேன்.